வீட்டில் கேட்ட பாட்டு

(பணியிடைப் பயிற்சியின்போது ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அமர்வுக்கு ‘இசையும் மொழிப் பாடமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இசை ஆசிரியர் இல்லை. ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர். காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போதே மைக்கை விட்டு இரண்டடி தள்ளி நிற்கிறவள். அதனால் உங்களுக்கு எதையும் பாடிக் காட்டப் போவதில்லை. ஒரே பள்ளியில் படித்த நான்கு மாணவர்களின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அவர்கள் ஓர் இசைக்குழு தொடங்கினார்கள். அந்தக் குழு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி நிலைத்தது. அது நம் ஊர்க் கதை இல்லை, அமெரிக்காவில் நடந்தது.

அந்தக் கதை எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த பள்ளியைச் சுற்றிப் பனியன் கம்பெனிகள். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அப்பா அம்மா இருவரும் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பையனுக்குத் தமிழ் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. தன் தம்பியுடன் பேசும்போது மட்டும் ஒடியாவில் பேசுவான். “இங்கே தமிழில் பேசு, அல்லது ஆங்கிலத்தில் பேசு” என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவன் நன்மைக்காகத்தான் சொன்னேன். அவன் சீக்கிரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

ஆண்டு விழா வந்தது. யார் யார் பாடப்போகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டேன். அவன் கை தூக்கினான். அதுவரை எதற்கும் கை தூக்காதவன். “எங்க பாட்டி பாடுற பாட்டு ஒண்ணு தெரியும் மிஸ்” என்றான். நான், “யாருக்கும் புரியாதேப்பா, தமிழ்ப் பாட்டு ஏதாவது தெரிந்தால் பாடு” என்றேன். கையைக் கீழே இறக்கிவிட்டான். அழவில்லை, முகம் வாடவில்லை. சாதாரணமாக உட்கார்ந்துவிட்டான். அடுத்த ஜூன் மாதம் அவன் வரவில்லை. குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார்கள்.

எனக்கும் அது அப்போது பெரிதாகப் படவில்லை. பிறகு ஒரு பயிற்சியில் ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்ற திரைப்படத்தைப் பற்றிப் பேசினார்கள். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1988-இல் வந்த படம். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த ஹைமே எஸ்கலாந்தே என்ற ஆசிரியரின் உண்மைக் கதை. 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரி அளவிலான நுண்கணிதத் தேர்வில் தேறினார்கள். ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க முடியுமா என்று சந்தேகம் எழுந்தது. 14 பேரை மறுபடி எழுதச் சொன்னார்கள். 12 பேர் எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் தேறினார்கள்.

அந்தப் பள்ளியைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ளலாம் என்று தேடினேன். எஸ்கலாந்தே அங்கே வேலைக்குச் சேர்வதற்குச் சற்று முன்பு அதே பள்ளியில் படித்து முடித்த நான்கு பேரின் பெயர்கள் கிடைத்தன. டேவிட் ஹிடால்கோ, லூயி பெரெஸ், சீசர் ரோசாஸ், கான்ராட் லொசானோ. இவர்களுடைய குழுவின் பெயர் ‘லோஸ் லோபோஸ்’. ஸ்பானிய மொழியில் ‘ஓநாய்கள்’ என்று பொருள்.

அந்தப் பள்ளியும் அந்த ஊரும்

அந்த ஊரைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் மீதிக் கதை விளங்கும். கலிஃபோர்னியா 1848 வரை மெக்சிகோவின் பகுதியாக இருந்தது. போருக்குப் பிறகு ஏற்பட்ட உடன்படிக்கையால் அமெரிக்காவின் கைக்கு வந்தது. அங்கே பல தலைமுறைகளாக இருந்த மெக்சிகோ மக்கள், பிறகு வேலை தேடி வந்தவர்கள் என்று கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் முழுக்க ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள். வீட்டில் ஸ்பானியம், பள்ளியில் ஆங்கிலம்.

1968 மார்ச் மாதத்தில் அந்தப் பகுதிப் பள்ளிகளின் மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறிப் போராடினார்கள். கார்ஃபீல்டு பள்ளியும் அதில் முன்னணியில் இருந்தது. பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் சால் காஸ்ட்ரோ மாணவர்களுக்குத் துணை நின்றார். அதற்காகக் கைதும் ஆனார். மாணவர்களின் குறைகள் என்னென்ன? ஸ்பானிய மொழியில் பேசினால் தண்டிக்கிறார்கள். எங்கள் முன்னோரின் வரலாறு பாடத்தில் இல்லை. எங்களைப் போன்ற ஆசிரியர்கள் மிகக் குறைவு. கல்லூரிக்குப் போகும் பாடங்களைத் தராமல் கைத்தொழில் வகுப்புகளுக்கே தள்ளுகிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகள் கேட்கவில்லை. கடினமான பாடம் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. இன்னும் நல்ல கல்வி கொடுங்கள், எங்கள் வீட்டை வாசலுக்கு வெளியே நிறுத்தாதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் காலத்தையொட்டி அதே பள்ளியில் படித்தவர்கள்தான் நான் சொன்ன நால்வரும்.

பழைய இசைத்தட்டுகள்

அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் போல இவர்களும் ராக் இசையில் மூழ்கியவர்கள். ஹிடால்கோவும் பெரெசும் பள்ளியில் நண்பர்களானதே இருவருக்கும் பிடித்த, வேறு யாரும் அதிகம் கேட்காத ஆங்கிலப் பாடகர்களைப் பற்றிப் பேசித்தான். ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கிப் பாட்டுகளைப் பதிவு செய்து பழகினார்கள். பிறகு ரோசாசும் லொசானோவும் சேர்ந்தார்கள். 1973-இல் குழு உருவானது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், மெக்சிகோவில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்த கார்லோஸ் சந்தானா, 1969 வுட்ஸ்டாக் விழாவில் மின்கிட்டாரையும் லத்தீன் அமெரிக்கத் தாள வாத்தியங்களையும் சேர்த்து வாசித்து உலகப் புகழ் பெற்றிருந்தார். ‘லத்தீன் ராக்’ என்ற பெயர் பரவியது அப்படித்தான். இந்த நால்வரும் அந்த வழியிலேயே போயிருக்கலாம். ராக் வாசிக்கத் தெரியும். கேட்க ஆளும் உண்டு.

ஆனால் அவர்கள் வேறொன்று செய்தார்கள். பெற்றோர் வைத்திருந்த பழைய இசைத்தட்டுகளை எடுத்துக் கேட்டார்கள். அந்தப் பாட்டுகள் பிறந்ததிலிருந்து அவர்கள் காதில் விழுந்துகொண்டிருந்தவைதான். சமையல் வாசனை போல வீட்டில் எப்போதும் இருந்தவை. இருந்ததாலேயே கவனிக்காதவை. இப்போது ஒரு வாத்தியக்காரனின் காதோடு கேட்டபோதுதான், இதை வாசிப்பது எளிதல்ல என்று தெரிந்தது. கிட்டாரில் தேர்ந்தவர்களுக்கே கை ஓடவில்லை. தாளம் பிடிபடவில்லை.

அதனால் மீண்டும் மாணவர்கள் ஆனார்கள். மின்கிட்டார்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஊர் வாத்தியங்களைத் தேடினார்கள். பானை போல வயிறு பெருத்த ‘கித்தாரோன்’, சிறிய ‘விஹுவேலா’, வேராக்ரூஸ் கடற்கரைப் பகுதியின் ‘ஹரானா’, வட மெக்சிகோவின் பன்னிரண்டு தந்தி ‘பாஹோ செக்ஸ்தோ’, கூடவே அக்கார்டியன். மெக்சிகோவில் ஊருக்கு ஊர் வேறு வேறு பாணி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள்.

பிறகு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கல்யாண வீடுகளிலும் உணவகங்களிலும் விருந்துகளிலும் வாசித்தார்கள். நீண்ட தலைமுடியோடு வரும் இளைஞர்களைப் பார்த்துப் பெரியவர்கள் முதலில் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவர்கள் வாயைத் திறந்தால் தாத்தா காலத்துப் பாட்டு! 1978-இல் சொந்த முயற்சியில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதன் பெயரிலேயே, ‘கிழக்கு எல்.ஏ.யிலிருந்து இன்னுமொரு குழு, அவ்வளவுதான்’ என்ற பொருளில் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்கள். முழுக்க நாட்டார் பாடல்கள். அது பெரிதாக விற்கவில்லை.

நண்பர்களே, இந்த எட்டு ஆண்டுகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வீணான காலம் போலத் தோன்றும். பெயர் இல்லை, பணம் இல்லை. நம் மதிப்பெண் பதிவேட்டில் எழுதுவதாக இருந்தால் ‘முன்னேற்றம் இல்லை’ என்றுதான் எழுதியிருப்போம். பின்னால் அவர்கள் செய்த எல்லாவற்றுக்கும் வேர் அந்த எட்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது.

பாட்டில் வீசிய கூட்டம்

உணவகத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது மெல்ல மெல்ல மின்கிட்டார்களும் டிரம்ஸும் திரும்பி வந்தன. லூயி பெரெஸ் டிரம்ஸ் வாசித்தார். அக்கார்டியனில் வாசித்த கிராமத்து மெட்டுக்குள் ராக் தாளம் நுழைந்தது. இரண்டும் சண்டை போடவில்லை என்று கண்டுகொண்டார்கள்.

1980-இல் ஊருக்கு வெளியே, பங்க் ராக் ரசிகர்கள் நிறைந்த ஒரு பெரிய அரங்கில் வாசிக்க வாய்ப்பு வந்தது. பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற பிரிட்டிஷ் குழுவின் நிகழ்ச்சி அது. அவர்களுக்கு முன்னால் இவர்கள் மேடையேறி மெக்சிகோ நாட்டுப் பாடல்களை வாசித்தார்கள். கூட்டம் காறித் துப்பியது. பாட்டில்களையும் கைக்குக் கிடைத்தவற்றையும் வீசியது. வாசிக்க முடியாமல் இறங்கினார்கள்.

அதோடு வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. தங்கள் ஊரை விட்டு வெளியே வாசிப்பதைத் தொடர்ந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் இளம் ராக் குழுக்களோடு பழகினார்கள். ‘தி பிளாஸ்டர்ஸ்’ என்ற குழு இவர்களைத் தங்கள் மேடைக்கு அழைத்தது. அந்தக் குழுவில் சாக்ஸஃபோன் வாசித்த ஸ்டீவ் பெர்லின், மெக்சிகோ வம்சாவளியே அல்லாதவர், பிறகு இவர்களோடு வந்து சேர்ந்து குழுவின் ஐந்தாவது ஆளாகவே ஆகிவிட்டார்.

1983-இல் ஒரு சிறிய இசைத்தட்டு வந்தது. அதில் ‘அன்செல்மா’ என்ற ஸ்பானியப் பாடலுக்கு 1984-இல் கிராமி விருது கிடைத்தது. மெக்சிகன்-அமெரிக்க இசைக்கென்று கிராமியில் தனிப்பிரிவு தொடங்கிய முதல் ஆண்டு அது. இசைத்தட்டில் வந்த வருமானத்தில் ஒரு வேன் வாங்கினார்கள். அந்த வேனில்தான் முதன்முறையாக நாடு முழுதும் சுற்றி வாசித்தார்கள்.

1984-இல் அடுத்த இசைத்தட்டு. ‘ஓநாய் எப்படிப் பிழைக்கும்?’ என்பது அதன் தலைப்பின் பொருள். காடு சுருங்கச் சுருங்க ஓநாய் எங்கே வாழும் என்று ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரைத் தலைப்பு அவர்களை யோசிக்க வைத்தது. ஓநாய் என்பது தங்கள் பெயரும் அல்லவா! அந்தத் தலைப்புப் பாடல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இதையும் மனதில் வையுங்கள். வீட்டு மொழியை விடாதவர்கள் பள்ளி மொழியை வெறுத்தவர்கள் இல்லை. இரண்டு மொழியிலும் எழுதினார்கள். விமர்சகர்கள் அந்த ஆண்டின் சிறந்த படைப்புகளில் ஒன்றாக அதைக் கொண்டாடினார்கள்.

‘லா பாம்பா’வின் பயணம்

இப்போது நீங்கள் எல்லோரும் எங்காவது கேட்டிருக்கக்கூடிய பாட்டுக்கு வருகிறேன். ‘லா பாம்பா’. மெக்சிகோவின் வேராக்ரூஸ் பகுதியில் கல்யாணங்களில் பாடி ஆடும் நாட்டார் பாட்டு. ஸ்பானியர், ஆப்பிரிக்கர், அந்த மண்ணின் பழங்குடிகள் என்று மூன்று மக்களின் இசை கலந்து பிறந்த ‘சோன் ஹரோச்சோ’ என்ற வகையைச் சேர்ந்தது. இன்னார் எழுதினார் என்று சொல்ல முடியாத பாட்டு.

1958-இல் ரிச்சி வாலென்ஸ் என்ற பையன் இதை ராக் பாட்டாக மாற்றிப் பாடினான். லாஸ் ஏஞ்சலஸின் பக்கோய்மா பகுதியைச் சேர்ந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம். இயற்பெயர் ரிச்சர்ட் வாலென்சுவேலா. அமெரிக்க வானொலிகளுக்கு ஏற்றபடி பெயரைச் சுருக்கிவிட்டார்கள். ஆங்கிலம் பேசி வளர்ந்தவன். ஸ்பானியம் சரளமாக வராது. ஆனாலும் பாட்டை ஸ்பானியத்திலேயே பாடினான். 1959 பிப்ரவரி 3-ஆம் நாள் ஐயோவா மாநிலத்தில் நடந்த விமான விபத்தில் இறந்தான். வயது 17. நம் பிளஸ் டூ மாணவன் வயது.

1987-இல் அவன் வாழ்க்கையை லூயிஸ் வால்டேஸ் ‘லா பாம்பா’ என்ற பெயரிலேயே திரைப்படமாக எடுத்தார். அதற்கு லோஸ் லோபோஸ் பாடினார்கள். அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் முதலிடத்துக்குப் போய் மூன்று வாரம் அங்கேயே நின்றது. முழுக்க ஸ்பானிய மொழியில் பாடிய ஒரு பாட்டு அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. பிரிட்டனிலும் முதலிடம்.

அந்த ஒலிப்பதிவை ஒருமுறை கடைசிவரை கேட்டுப் பாருங்கள். ராக் வேகத்தில் ஓடுகிறது. முடியப் போகும் நேரத்தில் மின்கிட்டாரும் டிரம்ஸும் ஓய்ந்துவிடுகின்றன. கிராமத்துத் தந்தி வாத்தியங்கள் மட்டும் தனியாக வாசிக்கின்றன. வேராக்ரூஸில் ஒரு கல்யாண வீட்டில் எப்படிக் கேட்குமோ அப்படி. பையன் பாடிய பாட்டைப் பாடி முடித்துவிட்டு, அது எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகிறார்கள். கல்யாணங்களில் வாசித்த எட்டு ஆண்டுகள் இல்லாமல் அந்தச் சில நொடிகள் வந்திருக்காது.

ஸ்பானியத்தில் பேசியதற்காகத் தண்டித்ததாக 1968-இல் பிள்ளைகள் முறையிட்ட அந்த ஊரிலிருந்து, 19 ஆண்டுகள் கழித்து, நாடே பாடும் ஸ்பானியப் பாட்டு வந்தது. கேட்டவர்களில் எத்தனை பேருக்குப் பொருள் புரிந்திருக்கும்? “யாருக்கும் புரியாதேப்பா” என்று நான் சொன்னது இதைப் படித்த இரவில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

வெற்றிக்குப் பிறகு என்ன செய்தார்கள்?

உலகப் புகழ் வந்த பிறகு ஒருவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அவர் யார் என்பது தெரியும். ‘லா பாம்பா’ போலவே இன்னும் நான்கு பாட்டுகள் செய்யுங்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 1988-இல் இவர்கள் வெளியிட்டது ‘லா பிஸ்தோலா இ எல் கொராசோன்’ என்ற இசைத்தட்டு. மின்கிட்டார் ராக்கின் பரபரப்பு அதில் இல்லை. ஹரானா, கித்தாரோன், அக்கார்டியன். பெரும்பாலும் பழைய நாட்டார் பாடல்கள். கூடவே அதே மரபில் இவர்களே எழுதிய இரண்டு பாட்டுகள். கல்யாண வீடுகளில் வாசித்த அதே இசை. இந்த முறை உலகமே காது கொடுக்கத் தயாராக இருந்தது. விற்பனை ‘லா பாம்பா’ பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் அதற்கும் கிராமி கிடைத்தது.

அப்படியே பழமையிலேயே தங்கிவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. 1992-இல் வந்த ‘கீக்கோ’ அதுவரை அவர்கள் செய்யாத புதுமைகள் நிறைந்தது. அவர்களுடைய சிறந்த படைப்பு அதுதான் என்று சொல்பவர்கள் பலர்.

ஆசிரியர்களாகிய நமக்கு 1995-இல் வந்த ‘பாப்பாஸ் ட்ரீம்’ முக்கியமானது. குழந்தைகளுக்கான இசைத்தட்டு. லாலோ குவெரெரோ என்ற முதிய பாடகரோடு சேர்ந்து செய்தார்கள். மெக்சிகன்-அமெரிக்க இசையின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர். 1916-இல் பிறந்தவர், தன் தாயிடம் கிட்டார் கற்றவர். ஒரு முதியவரின் மெக்சிகோ பயணக் கதையாக அது போகிறது. ஆங்கிலமும் ஸ்பானியமும் மாறி மாறி வரும். ஒரு மொழி தெரிந்த குழந்தை கதையைப் பிடித்துக்கொண்டு அடுத்த மொழிக்குள் போய்விடலாம். இருமொழிப் பாடப்புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் பயிற்சிகளில் மணிக்கணக்கில் பேசுகிறோமே, அதை அவர்கள் பாட்டாகவே செய்துவிட்டார்கள்.

2021-இல் தங்கள் நகரத்தின் பழைய பாடல்களை எடுத்து ‘நேட்டிவ் சன்ஸ்’ என்று வெளியிட்டார்கள். மண்ணின் மைந்தர்கள் என்று சொல்லலாம். 2022-இல் அதற்கும் கிராமி. அதே 2021-இல், மரபுக் கலைகளைக் காப்பவர்களுக்கு அமெரிக்க அரசின் கலை அமைப்பு வழங்கும் தேசிய மரபுரிமை விருதும் இவர்களுக்குக் கிடைத்தது. பள்ளியில் சேர்ந்த நால்வரும் அப்போதும் ஒன்றாகவே இருந்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

“மேடம், கதை நன்றாக இருக்கிறது. பாடத்தை எப்போது முடிப்பது?” என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படி நினைத்தவள்தான். தமிழும் ஆங்கிலமும் சொல்லித்தருவது நம் கடமை. அதில் தளரக் கூடாது. தமிழ் வராமல் அந்தப் பையன் இந்த ஊரில் எப்படிப் பிழைப்பான்? அந்தக் கேள்வி சரிதான். ஒடியாவை மூடினால்தான் தமிழ் திறக்கும் என்று நான் நினைத்தது மட்டும்தான் தப்பு. அன்றைக்கு அவனைப் பாட விட்டிருந்தால், “இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்? தமிழில் சொல்லு” என்று வகுப்பே கேட்டிருக்கும். அவன் திக்கித் திக்கிச் சொல்லியிருப்பான். ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொடுத்ததைவிட அதிகமான தமிழை அந்தப் பத்து நிமிடத்தில் பேசியிருப்பான். அவனிடம் சொல்வதற்கு ஏதோ இருந்தது. மொழி வருவதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

நம்மிடம் ஹரானாவும் இல்லை, கித்தாரோனும் இல்லை. செலவில்லாமல் நான் இப்போது செய்யும் மூன்று சிறிய காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஜூன் மாதம் ஒவ்வொரு பிள்ளையையும் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில், வீட்டில் யாராவது பாடும் பாட்டு ஒன்றை எழுதிவரச் சொல்கிறேன். எந்த மொழியானாலும் சரி. எழுத்து தெரியாவிட்டால் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். தாலாட்டு வருகிறது, நாற்று நடும் பாட்டு வருகிறது, தெலுங்கு வருகிறது, இந்தி வருகிறது. ஒரு பெண் தன் ஆயாவின் ஒப்பாரியை எழுதிவந்தாள். பாட்டே தெரியாது என்று சொன்ன வீடுகளில்கூடப் பிள்ளை கேட்டதும் பாட்டிகளுக்கு நினைவு வந்திருக்கிறது.

இரண்டாவது, அதன் பொருளைத் தமிழில் மூன்று வரியும் ஆங்கிலத்தில் மூன்று வரியும் எழுத வேண்டும். இது வீட்டுப்பாடம்தான். இலக்கணப் பிழையும் திருத்துகிறேன். பாடம் எங்கும் நின்றுபோகவில்லை.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம். ஒரு பிள்ளை எழுந்து பாடும், அல்லது வாசிக்கும். யாரும் சிரிக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. முதல் இரண்டு வாரம் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

இதனால் என் வகுப்பிலிருந்து ஓர் இசைக்குழு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த மாற்றம் ஒன்றே ஒன்று. அதுவரை வாயே திறக்காத இரண்டு மூன்று பிள்ளைகள் கை தூக்குகிறார்கள்.

கார்ஃபீல்டு பள்ளியின் அந்த நான்கு மாணவர்களுக்கும் தங்கள் வீட்டுப் பாட்டின் அருமை பள்ளி முடிந்த பிறகுதான் தெரிந்தது. பெற்றோரின் இசைத்தட்டுகள் அலமாரியில் இருந்ததால் எடுத்துக் கேட்க முடிந்தது. நம் பிள்ளைகளின் வீடுகளில் பல பாட்டுகளுக்கு இசைத்தட்டு கிடையாது. ஒரு பாட்டியின் தொண்டையில் மட்டும் இருக்கின்றன. பிள்ளை கேட்டால் உண்டு. கேட்காவிட்டால் அந்தப் பாட்டியோடு போய்விடும். கேட்கச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் நாம்தான்.

அந்த ஒடியாப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ பள்ளியில் படித்திருப்பான். அங்கே அவன் மறுபடி ஒருமுறை கை தூக்கியிருந்தால், அந்த ஆசிரியர் “பாடுப்பா” என்று சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். அவன் பாட்டி பாடிய பாட்டு என்ன பாட்டு என்று நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை.

நாளை காலை உங்கள் வகுப்பில் யாராவது கை தூக்கினால், தயவுசெய்து கேளுங்கள்.